பின் சீட்டில் இருந்து பார்த்த இரண்டு கார்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். பெயர்களும் முன்பின்னாகிவிடும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். றிஸ்னா மகள் கேட்டிருக்காவிட்டால் நான் பேனையைத் தொட்டே இருக்கமாட்டேன்.

றிஸ்னா எங்கள் முதலாளி ஹாஜியாரின் மகள். வெள்ளவத்தையில் காலி வீதியோடு இருக்கும் கார் சேலை, அதாவது கார் விற்கிற இடத்தை, இப்போது அவள்தான் பார்க்கிறாள். அங்கே வேலை செய்து நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தால் சின்னப் புத்தகமாக அடிக்கலாம் என்று கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்தவள் இன்னொன்றும் சொன்னாள். வெகுகாலத்துக்குப் பிறகு சேலுக்கு, பந்தயம் ஓடச் செய்த அந்த ரலி கார் மறுபடியும் வந்திருக்கிறதாம். ஒரே கார், இரண்டு ரகம். எது மேல் ரகம், எது கீழ் ரகம் என்று விற்கிற பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போனில் படம் காட்டிச் சண்டை பிடிக்கிறார்களாம்.

"நீங்க ரெண்டுலயும் போய் ஈக்கீங்க தானே அன்ட்டி. நீங்க எழுதுங்க" என்றாள். இருக்கிறதை ஈக்கி என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

போனேன்தான். ஆனால் ஒரு நாளும் ஓட்டியதில்லை. பின் சீட்டில் இருந்தேன். அதுதான் என் வேலை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொச்சிக்கடையில் குஷன் தைக்கிற கடையில் என் கை பழகியது. அந்தக் கடை மூடியதும் தெரிந்த ஒருவர் ஹாஜியாரிடம் கொண்டுபோய் விட்டார். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பாவித்த கார்களின் உள்பக்கத்தைத் துப்புரவு செய்வதற்குத்தான் எடுத்தார். முதலில் கால் விரிப்புகளை வெளியே எடுக்க வேண்டும். பிறகு சீட்டுக்கு நடுவே கையை விட்டுப் பார்க்க வேண்டும். தலைமயிர், சில்லறை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கேதான் கிடக்கும். துணியை நன்றாகப் பிழிந்துதான் துடைக்க வேண்டும். ஈரம் கூடினால் கொழும்பு வெக்கைக்கு மறுநாளே பூஞ்சணம் மணக்கும். சிகரெட் மணம் உள்ள காருக்குத் தேயிலைத் தூளைச் சீலையில் முடிந்து சீட்டுக்குக் கீழே வைப்பேன்.

பின் சீட்டு வேலை பிறகு வந்தது. ரலி கார் பார்க்க வருகிற பொடியன்மார் ஓட்டிப் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டு கடலோர மெரின் டிரைவில் பறந்தார்கள். விற்கிற பையன் பக்கத்தில் இருந்தால் அவனும் சேர்ந்து சந்தோஷப்படுவான். ஒருநாள் ஒரு கார் முன் பம்பர் தொங்கத் தொங்கத் திரும்பி வந்தது. ஹாஜியார் சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இனி எந்தக் கார் வெளிய போனாலும் நீங்க பின்னால ஏறுங்க."

"நான் என்ன செய்ய முதலாளி?"

"ஒண்டும் செய்ய வேணாம். சும்மா ஈங்க. சாரி உடுத்த பொம்புள ஒராள் பின்னால ஈந்தா எந்தப் பொடியனுக்கும் உம்மாட ஞாபகம் வரும்."

அது உண்மைதான். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டால் கால் தானாக இளகிவிடும். யார்டில் எனக்கு ஸ்பீட் கவர்னர் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நான் அங்கே இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். இல்லாத பிரேக்கை என் வலது கால் அமத்திக்கொண்டே இருக்கும். பஸ் குறுக்கே வந்தால் வயிறு மேலே ஏறும். இறங்கிய பிறகும் கால் சும்மா இராது. வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட மேசைக்குக் கீழே பிரேக் போடுவேன். இத்தனை வருடம் ஏறியும் பயம் பழகவில்லை. இப்போது என் இடத்தில் கமரா பூட்டியிருக்கிறார்கள் என்று றிஸ்னா சொன்னாள். நல்லதுதான். கமராவுக்கு வயிறு இல்லை.

ஹாஜியார் எனக்கு இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். காருக்குள் வாங்க வந்தவர்கள் எதைக் கேட்டாலும் ஓம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. முதலாளியிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது பெரிய உபகாரம்.

அவருடைய முறையே வேறு. வந்தவர் நின்றால் அவரும் நிற்பார். பால் விடாத பிளேன்டீ கொடுத்து, அவர்கள் குடித்து முடியும்வரை காரைப் பற்றி வாய் திறக்கமாட்டார். நல்ல காரா என்று கேட்டால், "கார் ஈக்கி. நல்லதா கெட்டதா எண்டு ஓட்டுறவங்க தான் சொல்லணும்" என்பார். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காததைத் தானாகச் சொன்னதையும் நான் கேட்டதில்லை.

இனி இரண்டு ரகத்துக்கு வருகிறேன். எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று ரஞ்சித் பாஸ் சொல்வார். எங்கள் மெக்கானிக் அவர், ஹோமாகமப் பக்கத்துச் சிங்களவர்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். நிறைந்த ரகத்தில் ஏசி, சுவிச்சுக்கு ஏறி இறங்கும் கண்ணாடி, உடம்பைப் பிடித்து வைக்கிற சீட், ரேடியோ எல்லாம் உண்டு. சில்லு, அதாவது சக்கரம், இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற பிரேக்கும் உண்டு. கதவைச் சாத்தினால் தொப்பென்று கேட்கும். மற்றது வெறும் ரகம். கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். ஏசி இல்லை. ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடி. சில்லு வெறும் இரும்பு. கதவு டங்கென்று தகரம் மாதிரிக் கேட்கும். ரலி ஓடுகிறவர்கள் அதைத்தான் வாங்குவார்களாம். பாரம் குறைவு, வேண்டியதைத் தாங்களே பூட்டிக்கொள்ளலாம் என்று.

நிறைந்தவை வந்த கிழமைக்குள்ளேயே விற்றுப் போய்விடும். ஒருமுறை ஹாஜியார் தெரியாமல் ஒரு வெறும் காரை எடுத்துவிட்டார். வெள்ளை நிறம். அது அசையவே இல்லை. வருகிறவர்கள் கதவைத் திறந்து, கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். "ஹாஜியார், இதுல கிணத்துத் தண்ணி வருமா?" என்று ஒரு ஆள் கேட்டார். கொழும்பில் ஏசி இல்லாத காரை யார் வாங்குவார்கள்?

கடைசியில் ஹாஜியார் ஒரு முடிவெடுத்தார். வெறும் காருக்கு ஏசி பூட்டினார்கள். நிலத்துக்குத் தடித்த கம்பளியைப் போட்டு அதன்மேல் காப்பெட் ஒட்டினார்கள். சீட்டுக்கு நான் கறுப்புத் தோல் உறை தைத்தேன். வேறொரு காரின் பளபளப்பான சில்லுகளையும் மாட்டினார்கள். ரஞ்சித் பாஸ் செய்துகொண்டே முணுமுணுத்தார்.

"அக்கே, இது மூட்டை தூக்கப் போற ஆளுக்குக் கல்யாணக் கோட் போடுறது."

"முதலாளியிட்டச் சொல்லுங்க பாஸ்."

"சொன்னது. முதலாளி சொல்றார், கோட் போட்டா தான் பொம்பிள குடுப்பாங்க எண்டு."

அப்படி உடுத்தி நிறுத்திய பிறகுதான் நிலானியும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள்.

நிலானிக்கு முப்பது வயதளவு இருக்கும். கல்கிசையில் வீடு, கோட்டையில் ஒரு கணக்கு ஒபிசில் வேலை. அப்பா சிவலிங்கம் ஐயா பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வெடுத்தவர். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும்தான். தமையன் ரலி ஓடியவர். அவருக்குப் பக்கத்தில் இருந்து வளைவையும் மேட்டையும் முன்கூட்டியே வாசித்துச் சொன்னவள் இவள். தமையன் கனடாவுக்குப் போய்விட்டார், காரும் விற்றாயிற்று. தன் உழைப்பில் சேர்த்த காசில் இவள் ஒரு கார் வாங்க வந்திருந்தாள்.

அன்று சேலில் நிறைந்த ரகமும் ஒன்று நின்றது, நீல நிறம். ஐயா அதைச் சுற்றி வந்து தலையை ஆட்டினார். நிலானி நேரே வெள்ளைக்குப் போனாள். கதவைச் சாத்திப் பார்த்தாள், டங். அவள் முகம் மலர்ந்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

பிளேன்டீ குடிக்கும்போதே இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது வெளியே வந்துவிட்டது. ஐயா எங்களை வைத்துக்கொண்டே சொன்னார்.

"நீலம் எண்டா ஓம். ஒபிசுக்கும் போகலாம், கோயிலுக்கும் போகலாம். நாளைக்கு மனம் மாறினா விக்கவும் ஏலும். மற்றது மலையில ஓடிச் சாகிறதுக்குச் செய்த சாமான்."

"அப்பா, அண்ணா ஓடேக்க நீங்கள் இப்பிடிச் சொல்லேல்லையே."

"அவன்ர பக்கத்தில நீ இருந்து வாசிச்சாய். உன்ர பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"வாசிச்சது காணும் அப்பா, போதும். இனி நான் ஓடப்போறன்."

"ஓடு. நீலத்தில ஓடு. வெள்ளை என்ர வீட்டுக் கேற்றுக்குள்ள வராது."

கத்தவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அந்தப் பிள்ளையின் கை பிளேன்டீ கோப்பையில் நின்றுவிட்டது. வேறு வீடு பார்த்துக்கொண்டு போகிற ஆள் இல்லை அவள். அப்பாவைத் தனியே விடவும் மாட்டாள். கார் வேண்டுமென்றால் அவர் வாய் திறந்து ஓம் என்று சொல்ல வேண்டும்.

ஹாஜியார் எழும்பினார். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்க மகள். வாப்பா முன்னால ஈக்கட்டும். அக்கா பின்னால வருவாங்க."

முதலில் நீலம். அவள் ஓடியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். பொடியன்மார் மாதிரி இல்லை. பஸ் எங்கே ஒதுங்கும், திறீவீலர் எங்கே நுழையும் என்று முன்னமே தெரிந்தவள் மாதிரி மெதுவாக இழைந்து போனாள். ஏசி குளிர்ந்தது. ஐயா சாய்ந்து இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இது கார்" என்றார். என் கால்கூட அன்று பாதிதான் பிரேக் போட்டது.

பிறகு வெள்ளை. யார்டிலிருந்து திருப்பும்போதே கீழே டக் டக் என்று சத்தம் வந்தது. மெரின் டிரைவுக்கு இறங்கும் சின்ன ஒழுங்கையிலும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது டக் டக். ஏசி போட்டால் எஞ்சின் இழுக்க மாட்டேன் என்றது. ஐயா நிமிர்ந்துவிட்டார்.

"என்ன சத்தம் உது?"

"அது பழுது இல்லை அப்பா. பின் சில்லு ரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சாமான் இதில வேற மாதிரி. மெதுவா ஒடிச்சா அப்பிடித்தான் அடிக்கும். அண்ணாட காரும் அடிச்சது."

"நீ வாங்க நிக்கிறாய், நீ அப்பிடித்தான் சொல்லுவாய்." ஐயா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா. இது பழுதோ, இல்லையோ?"

கண்ணாடியில் நிலானியின் கண்ணும் என்னைத்தான் பார்த்தது. அந்தச் சத்தம் துறைமுகத்தால் வந்த நாளே இருந்தது என்பது எனக்குத் தெரியும். பாஸும் அது இயல்பு என்று சொல்லியிருந்தார். ஆனால் கட்டளை கட்டளைதானே.

"முதலாளியிட்டக் கேளுங்க ஐயா" என்றேன்.

"பாத்தியா?" என்று அவர் மகளிடம் சொன்னார். "மறைக்கினம்."

நிலானி காரை ஓரத்தில் நிறுத்தினாள். கடலோரத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடியும்வரை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தாள். பிறகு திருப்பிக்கொண்டு வந்தாள். வழி முழுவதும் எனக்குள் ஏதோ அரித்தது. ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தால் பொய் வராது என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் சொன்ன ஒரு வசனத்தால் ஒரு அப்பா தன் பிள்ளையைப் பொய்க்காரி என்று எடுத்துக்கொண்டார்.

யார்டில் இறங்கியதும் ஐயா நேரே நீலத்தடிக்குப் போனார். "ஹாஜியார், இதுக்கே எழுதுவம். மற்றதில பழுது இருக்கு" என்றார். நிலானி வெள்ளையோடு நின்றாள். அழவில்லை. ஆனால் அவள் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் ஹாஜியாரிடம் போனேன். ஆட்களுக்கு முன்னால் அவரோடு நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"முதலாளி, அந்தச் சத்தம் ஹாபர்ல இருந்து வந்த அன்டைக்கே இருந்திச்சு. ஐயா பழுதுன்னு நினைக்கிறாரு. நான் முதலாளியிட்டக் கேளுங்கன்னு சொன்னேன். நீங்க சொல்லுங்க."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"பழுது இல்ல ஐயா. கார்ட கொணம் அது" என்றார். ஐயா வாயைத் திறக்குமுன் மகள் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க கேக்கல்ல. ஆனா ஏசி நான் போட்டது. காப்பெட்டும் நான் போட்டது. சில்லும் இதுட சில்லு இல்ல. விக்கிறதுக்காகப் போட்டேன்."

நிலானி சிரித்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "தெரியும் ஹாஜியார். வெக்கைக்குப் போர்வை போத்தின மாதிரி ஓடுது. எல்லாத்தையும் கழட்டித் தருவீங்களா?"

"கழட்டினா மறுகா நீங்க வாங்கல்லயெண்டா, இத நான் கடல்ல தான் போடணும்."

"வாங்குவன்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் ஐயா. "கேற்றைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான்." சொல்லிவிட்டுக் காலி வீதிக்குப் போய்த் தனியாக பஸ் ஏறிவிட்டார்.

ஹாஜியார் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுடைய வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு கழட்டச் சொன்னார். ரஞ்சித் பாஸ் ஏசியைக் கழட்டும்போது பாட்டே பாடினார். நான் தைத்த உறையை நானே பிரித்தேன். தையலைப் பிரிக்கும்போது வழக்கமாக எனக்கு மனம் நோகும், அன்று நோகவில்லை. உள்ளே இருந்த சாம்பல் நிறத் துணிச் சீட்டு புதிதாகவே இருந்தது. கம்பளியை உரித்ததும் வெறும் தகரம் தெரிந்தது. இரும்புச் சில்லுகளும் திரும்பி வந்தன.

எடுக்க வந்தபோது நிலானி தனியாகத்தான் வந்தாள். எங்கள் சேலில் ஒரு வழக்கம், வாங்கிய காரை முதல்முதல் வெளியே எடுக்கும்போது ஓட்டுபவர் தனியாகப் போகக்கூடாது. வீட்டார் யாராவது கூட இருக்க வேண்டும். ஹாஜியார் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, சில்லுக்குக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போய் வாங்க. முன்னால ஏறுங்க."

முன் சீட்டில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. மறைக்க ஒன்றும் இல்லை, பஸ் எல்லாம் நேரே என் மடிக்கு வருகிற மாதிரி இருந்தது. தெஹிவளைச் சந்தி வெக்கையில் இரண்டு பேரும் வியர்த்துக் கொட்டினோம். கல் தெறிக்கிற சத்தம்கூட காலுக்குக் கீழே கேட்டது. அவள் கல்கிசையை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள்.

வீட்டுக் கேற் பூட்டியிருந்தது. அவள் ஹோர்ன் அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினாள். அதுவும் அடங்கியதும் அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

"நான் கூப்பிட்டா வரமாட்டார். நீங்கள் ஒருக்கா..." என்றாள்.

இறங்கினேன். கேற்றுக்கு அந்தப் பக்கம் ஐயா முன்னமே வந்து நின்றார். கம்பிக்கூடாகக் காரைப் பார்த்தார்.

"சத்தம் இன்னும் இருக்கோ?"

"இருக்கு ஐயா. முழுசா ஒடிக்கும்போது மட்டும்."

"நீங்கள் பயந்தனீங்களோ?"

"ஓம் ஐயா. எனக்கு எந்தக் கார்லயும் பயந்தான்."

"பிறகு ஏன் ஏறுறனீங்கள்?"

"என் வேலை ஐயா அது" என்றேன்.

அவர் கேற்றின் ஒரு பக்கக் கதவைத் திறந்தார். ஆள் போகத்தான் இடம் போதும், கார் போகாது. மற்றக் கதவின் தாழ்ப்பாள் நிலத்தில் இறுகிக் கிடந்தது. அதைப் பார்த்தார். குனிந்து இழுத்தார், வரவில்லை. செருப்புக் காலால் இரண்டு உதை உதைத்து இழுத்துத் திறந்தார்.

ஒழுங்கை ஒடுக்கம். உள்ளே எடுக்க அவள் முழுதாக ஒடிக்க வேண்டியிருந்தது. டக் டக் என்று அடித்துக்கொண்டே வெள்ளை உள்ளே போனது. அவர் காதைக் கொடுத்தபடி நின்றார். மகளிடம் ஒரு சொல்லும் இல்லை. என்னிடம்தான் சொன்னார், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அம்மா."

பிறகு வானத்தைப் பார்த்தார். "மழை வரப்போகுது. கண்ணாடியை ஏத்திவிடு பிள்ளை."

நிலானி தன் பக்கக் கண்ணாடியைச் சுற்றத் தொடங்கினாள். நாலையும் ஒவ்வொன்றாகக் கையால்தானே சுற்ற வேண்டும். ஐயா மற்றப் பக்கத்துக்குப் போய்க் கதவைத் திறந்து, நான் இருந்த முன் சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

றிஸ்னா மகள், அடிக்க முன் இதை ரஞ்சித் பாஸுக்கு போன் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். ரகங்களின் எழுத்துப் பெயர்கள் எனக்குத் தெரியாது, வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுப் போடுங்கள். சத்தம் முன் சில்லாலா பின் சில்லாலா வந்தது என்பதையும் கேளுங்கள். அந்தக் கைப்பிடியை முன்னுக்குச் சுற்றினால் கண்ணாடி ஏறுமா, இறங்குமா என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம். ஐயா முதலில் பிழையான பக்கம் சுற்றினார், நிலானி சொல்லிக் கொடுத்தாள். அது மட்டும் எனக்கு நிச்சயம், அதை மாற்ற வேண்டாம்.